இடது பக்கக் கிளாஸ்

என் தங்கை புருஷனை எனக்கு ஆகாது. இதில் ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கே தெரியும். கல்யாணம் பேசும்போது, "மாப்பிள்ளைக்கு விளம்பரப் படம் எடுக்கிற ஸ்டூடியோவில் வேலை" என்றார்கள். நாங்களும் கேமராக்காரர் என்று நம்பி, பார்த்தவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தோம். கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் கேமராவைத் தொடுகிறவரே இல்லை. கேமராவுக்கு முன்னால் வைக்கிற ஜூஸ் கிளாஸுக்கு அலங்காரம் செய்கிறவர்.

சிரிக்க வேண்டாம், அப்படி ஒரு உத்தியோகம் உண்டு. ஓட்டல் மெனு அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். கிளாஸுக்கு வெளியே தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்த்திருக்கும். உள்ளே ஐஸ் மின்னும். மேலே நுரை கலையாமல் நிற்கும். அத்தனையும் பொய். அந்த முத்து கிளிசரின், பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தெளித்தது. ஐஸ் பிளாஸ்டிக். நுரை பாத்திரம் விளக்குகிற சோப்பு. ஐஸ்கிரீம் என்று நீங்கள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு பார்த்தீர்களே, அது வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு. பதினெட்டு வருஷம் இந்த மனிதர் இடுக்கியும் ஊசியும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிளாஸ்களைச் சோடித்திருக்கிறார். அதில் ஒன்றையும் எவனும் குடித்ததில்லை. விரல் நுனிகளில் எப்போதும் சிவப்பும் நீலமுமாகச் சாயம். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் எனக்குப் பார்க்கவே பிடிக்காது.

நான் அவருக்கு நேர் எதிர். கடலோரத்தில் ஒரு பெரிய ஓட்டலில், பார் கவுண்ட்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். தலைமை பார்மேன். பாட்டில் மூடியைத் திறந்து மூக்கருகே ஒரு தரம் காட்டினால் போதும், ரம் நல்லதா தண்ணீர் கலந்ததா என்று சொல்லிவிடுவேன். எலுமிச்சை நேற்று வெட்டியதா இன்று வெட்டியதா என்பது நாக்கு நுனியில் தெரியும். அப்படி நான் வேர்த்து விறுவிறுத்துச் சம்பாதித்த பெயர் ஒரு பக்கம். சோப்புத் தண்ணீரைக் கரைத்து வைத்துவிட்டு "ஆர்ட்டிஸ்ட்" என்று என் தங்கை வாயால் பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிற இவர் ஒரு பக்கம். வயிறு எரியாதா?

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடை மத்தியானம் அவருடைய ஸ்டூடியோவுக்குப் போனேன். நாக்கு வறண்டிருந்தது. மேஜைமேல் ஆரஞ்சு ஜூஸ் இரண்டு கிளாஸ் இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் கவிழ்த்தேன். அடுத்த நொடி சோப்பு வாடை மூக்கில் ஏற, அத்தனையையும் துப்பினேன். துப்பியது எங்கே? படப்பிடிப்புக்காக விரித்து வைத்திருந்த வெள்ளைத் துணிமேல். லைட்காரரிலிருந்து கணக்குப்பிள்ளைவரை விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"எப்பவும் ரெண்டு செய்வோம் மச்சான். ஒண்ணு கேமரா பாக்கறதுக்கு, ஒண்ணு நடிக்கிறவங்க குடிக்கிறதுக்கு. என் இடது கைப் பக்கம் இருக்கறது பாக்க மட்டும். வலது கைப் பக்கம் இருக்கறது குடிக்க. இங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லாம விட்டது என் தப்பு."

தப்பை அவர் தலையில் போட்டுக்கொண்டதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவர் சிரித்திருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

சரி, இப்போது நடந்ததற்கு வருகிறேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்தேன். காய்ச்சல் போனது, போகிற போக்கில் என் மூக்கையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாசனை இல்லை. இனிப்பு இல்லை, புளிப்பு இல்லை, உப்பு இல்லை. சோறு சாப்பிட்டால் ஈரப் பஞ்சை மெல்லுவதுபோல இருக்கிறது. டாக்டர், "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அந்த அளவுக்கு எனக்கே சொல்லத் தெரியும், அதற்கு ஒரு டாக்டரா?

யாருக்கும் சொல்லவில்லை, என் மனைவிக்குக்கூட. ருசி தெரியாத பார்மேனை ஓட்டல் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாது. இந்த வயதில் என்னை வேறு எவன் எடுப்பான்? எனக்கு மிச்சமிருந்தது மூன்றுதான். சரக்கு தொண்டையில் எரிவது தெரியும். ஜில்லென்று இருப்பது தெரியும். கெட்டியா தண்ணியா என்பது தெரியும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, அளவுக் கிண்ணத்தைப் பிடித்து ஊற்றி, முகத்தை ஒரு மாதிரி சுளித்து, "ம்ம், பரவாயில்லை" என்று தலையாட்டிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அவருக்கு அஞ்சு மாசமா வேலை இல்ல. இப்பல்லாம் படத்தை கம்ப்யூட்டர்லயே வரைஞ்சுடறாங்களாம். ஸ்டூடியோவ இழுத்து மூடிட்டாங்க. உங்க ஓட்டல்ல நீச்சல்குளத்துப் பக்கம் புதுசா ஒரு கவுண்ட்டர் தொறக்கறாங்கன்னு சொன்னியே. அவர அங்க சேத்துவிடேன்."

"அவருக்கு என்ன தெரியும்? சோப்பு கலக்கத் தெரியும்."

"கத்துக்கிட்டாருண்ணே. ரெண்டு மாசமா வீட்டுல அதே வேலையாத்தான் இருக்காரு. நீ வந்து ஒரு தடவ பாரு. புடிக்கலன்னா விட்டுடு."

மேனேஜரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ, "உங்க சொந்தக்காரரா? அப்ப நீங்களே பாத்துடுங்க. நம்ம மூணு கலர் காக்டெய்ல அவர் வீட்டுல செய்யச் சொல்லுங்க. எனக்கு ஒரு படம் அனுப்புங்க, ருசிய நீங்க பாத்துச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்குக் கூப்பிடறேன். உங்க வார்த்தைதான்" என்றார். என் வார்த்தை என்ன என்பதை நான் பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். முடியாது. ஆளைக் கூர்ந்து பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒருவரை என் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

ஞாயிறு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை வீடு. கூடத்தில் சுவரோரம் அவர் சோடித்த கிளாஸ்களின் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள் தங்கை. வேலை போன பிறகும் கழற்றவில்லை.

"வாங்க மச்சான்," என்று பையை வாங்கிக்கொண்டார். ஆள் இளைத்திருந்தார். விரல்களில் சாயம் இல்லாமல் கை வெள்ளையாக, யாரோ வேறு ஆளுடைய கை மாதிரி இருந்தது.

"என்ன மாப்ள, சோப்பு வியாபாரம் எப்படி?" என்றேன்.

"படுத்துடுச்சு மச்சான்," என்றார். அவ்வளவுதான். இவரிடம் சண்டை போடுவதும் தலையணையைக் குத்துவதும் ஒன்று.

தங்கை மீன் பொரித்துச் சோறு போட்டாள். முதல் வாய் வைத்ததும், "பிரமாதம், உன் கைப்பக்குவமே தனி" என்று எடுத்துவிட்டேன். அவள் பூரித்துப்போய் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். முகம் மாறியது.

"ஐயையோ, மீனுக்கு உப்பே போடலியே! எப்படிண்ணே நல்லாருக்குன்னு சொன்ன?"

"உன் மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன்," என்று பூசி மெழுகினேன்.

"நீயா? என் மனசா?" என்று அவள் சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். கிளாஸில் எந்தத் துளி எங்கே வழிகிறது என்று பார்க்கிற அதே பார்வை. நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு வேலை ஆரம்பமானது. சமையலறையில் இடமில்லாததால் கூடத்து மேஜையைத் துடைத்துப் பழைய தாள் விரித்தார். நான் எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். ஓட்டலிலிருந்து நான் கொண்டுவந்த பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தார். வெள்ளை ரம், ஆரஞ்சு மணமுள்ள நீல லிக்கர் என்கிற இனிப்புச் சரக்கு, மாதுளைச் சிரப். அன்னாசியும் ஆரஞ்சும் எலுமிச்சையும் அவர் வாங்கி வைத்திருந்தார்.

இந்த மூணு கலர் காக்டெய்லைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் சிவப்பு, நடுவில் மஞ்சள், மேலே நீலம். ஒன்றோடு ஒன்று கலந்தால் சேற்றுக் கலராகிவிடும், காசு கொடுத்தவன் முகத்தில் விட்டெறிவான். இனிப்பு அதிகமானது கனம், அடியில் உட்காரும். சரக்கு அதிகமானது லேசு, மேலே மிதக்கும். சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் கை நடுங்கினால் கதை முடிந்தது.

அவர் அன்னாசியைத் தோல் சீவி, கண்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, துண்டு போட்டு அரைத்து, துணியில் வடிகட்டினார். ஆரஞ்சைப் பிழிந்து அதில் சேர்த்தார். எலுமிச்சை அரை மூடி. அளவுக் கிண்ணத்தில் ரம்மைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து ஊற்றினார்.

"தலைக்குமேல தூக்கிப் பாருங்க, இன்னும் நல்லாத் தெரியும்," என்றேன்.

உயரமான கிளாஸில் நொறுக்கிய ஐஸைப் போட்டு, பழச்சாறும் ரம்மும் கலந்ததை ஊற்றினார். பிறகு மாதுளைச் சிரப்பைக் கிளாஸின் உள் ஓரமாக ஒழுகவிட்டார். அது மஞ்சளைக் கிழித்துக்கொண்டு இறங்கி அடியில் போய்ப் படுத்தது. நீல லிக்கரில் கொஞ்சம் ரம் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் சொட்டுச் சொட்டாக விட்டார். நீலம் மேலே பரவி, மஞ்சளைத் தொட்ட இடத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று விழுந்தது. எங்கள் கவுண்ட்டரில் எட்டு வருஷம் நின்றவனுக்கும் அந்தக் கோடு இவ்வளவு நேராக விழுந்ததில்லை. எனக்கு வாயில் ஒரு நல்ல வார்த்தை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"ஒரு கிளாஸுக்கு இருவது நிமிஷமா? எங்க ஆளுங்க அதுக்குள்ள எழுந்து பக்கத்து ஓட்டலுக்குப் போயிடுவாங்க."

"மொதல்ல சரியா வரட்டும் மச்சான். வேகம் அப்புறம் வரும்."

தங்கை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இருந்த நம்பிக்கையைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக வந்தது. என்னிடம் கேட்டுப் பெற வந்தவள் மாதிரி இல்லை, ஏற்கெனவே கிடைத்துவிட்ட மாதிரி நின்றாள்.

பிறகு அவர் அலமாரியிலிருந்து தன் பழைய தகரப் பெட்டியை எடுத்தார். மேனேஜருக்குப் படம் அனுப்ப வேண்டுமல்லவா? நிஜ ஐஸ் உருகிக்கொண்டிருக்கும், நுரை படுத்துவிடும். அதனால் பழக்க தோஷத்தில் படத்துக்கென்று தனியாக ஒரு கிளாஸ் சோடித்தார். சாயத் தண்ணீர், கிளிசரின், பிளாஸ்டிக் ஐஸ், விளிம்பில் சோப்பு நுரை. பெட்டியைத் திறந்ததும் அந்தக் கை பழைய கையாகிவிட்டது. டூத் பிரஷ்ஷை விரலால் சுண்டி முத்துக்களைத் தெளித்தார். குடிக்கிற கிளாஸுக்கும் அதே மாதிரி ஒரு அன்னாசித் துண்டு, ஒரு குடை. இரண்டையும் மேஜையில் வைத்தார். பார்வைக்கு ஒன்றையொன்று உரித்து வைத்த மாதிரி இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் படத்துக்கான கிளாஸைப் போனில் படமெடுத்துவிட்டு, பழைய இடத்திலேயே வைத்தார்.

"நீங்க குடுத்த மேனேஜர் நம்பருக்குப் படத்த அனுப்பறேன் மச்சான்," என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். அந்த வீட்டில் அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

இரண்டு கிளாஸ்களும் என் முன்னால் இருந்தன. மூக்கு இருக்கிறவனுக்கு இதில் குழப்பமே இல்லை. ஒன்றில் அன்னாசியும் ரம்மும் மணக்கும், இன்னொன்றில் பாத்திரம் கழுவுகிற தொட்டி வாடை அடிக்கும். அதனால்தான் அவர் எதுவும் சொல்லாமல் போனார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் விதி எனக்கு நினைவிருந்தது. இடது பார்க்க, வலது குடிக்க. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டதை மறப்பேனா? தெம்பாக என் வலது பக்கத்துக் கிளாஸை எடுத்தேன்.

அவர் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று வைத்திருந்தார். அவருடைய இடது எனக்கு வலது. இது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று மடக்கு குடித்தேன். தொண்டையில் எரியவே இல்லை. கஞ்சன், ரம்மைக் கையடக்கி ஊற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். ஜில்லென்றும் இல்லை. ஐஸைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்று நினைத்தேன். வழுவழுவென்று இருந்தது. சிரப்பைக் கொட்டித் தொலைத்திருக்கிறான் என்று நினைத்தேன். என்னிடம் மிச்சமிருந்த மூன்றும் இது குடிக்கிற சமாச்சாரமே இல்லை என்று மூன்று தரம் சொல்லின. நான் மூன்றையும் அவருடைய கையாலாகாத்தனம் என்றே எடுத்துக்கொண்டேன். என்னை ஏமாற்றியது செத்துப்போன நாக்கு மட்டுமில்லை. அந்த மனிதர்மேல் இருந்த வெறுப்பும்தான்.

கிளாஸைக் கீழே வைத்தேன். கவுண்ட்டரில் செய்வதுபோல நாக்கால் மேலண்ணத்தை ஒரு தட்டுத் தட்டி, கண்ணை மூடித் திறந்தேன்.

"சரக்கு பத்தல மாப்ள. அன்னாசி இன்னும் ரெண்டு நாள் பழுத்திருக்கணும். புளிப்பு தூக்கலா இருக்கு, அத மறைக்க இனிப்ப அள்ளி விட்டிருக்கீங்க. பத்துக்கு அஞ்சு போடலாம். உங்க மொகத்துக்காக."

பேசப் பேச என் கீழுதட்டில் ஏதோ குறுகுறுத்தது. சோப்புக் குமிழி ஒன்று ஊதிப் பெருத்து உடைந்தது.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மாப்பிள்ளை ஜன்னலோரத்திலிருந்து திரும்பியவர் அப்படியே நின்றார். மேஜையருகே வந்து, நான் வைத்த கிளாஸை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, அதைத் தன் முதுகுப் பக்கம் மறைத்தார். எதற்காக மறைத்தார், யாரிடமிருந்து மறைத்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"அது படத்துக்கு வச்சது மச்சான்," என்றார் மெதுவாக. "போய் வாய் கொப்புளிங்க. தொண்டைக்குள்ள போயிருந்தா நெறைய தண்ணி குடிங்க."

"அண்ணே," என்றாள் தங்கை. "மத்தியானம் உப்பு. இப்ப சோப்பு. எத்தன நாளா இப்படி?"

மனிதன் மாட்டிக்கொண்டால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஒப்புக்கொள்வது. நான் மற்றதைச் செய்தேன்.

"வேணும்னே வச்சீங்க! ரெண்டு பேரும் சேந்து எனக்குக் குழி தோண்டியிருக்கீங்க! அன்னைக்கு ஊரக் கூட்டிச் சிரிச்சது பத்தலியா? வேல கேட்டு வந்த வீட்டுல வெஷத்த வக்கிற ஆளுங்க நீங்க!"

"நீதாண்ணே எங்க வீட்டுக்கு வந்திருக்க," என்றாள் அவள்.

"ஆமா, வந்தேன். எதுக்கு வந்தேன்? பதினெட்டு வருஷமா பொம்மக் கிளாஸ் வச்சு ஊர ஏமாத்தின ஆளுக்கு வாழ்வு குடுக்க வந்தேன்!"

"அவரு ஏமாத்தினது படத்துல. குடிக்கிறவன ஏமாத்தல. நீ நாலு பேருக்குக் குடிக்கக் குடுத்துட்டு, ருசி தெரியற மாதிரி நடிச்சிட்டிருக்க. யாருண்ணே பொம்ம?"

கையை ஓங்கிவிட்டேன். என் தங்கைமேல், நாற்பது வயதுக்காரிமேல், கையை ஓங்கினேன். மாப்பிள்ளை குறுக்கே வரவில்லை, என் கையைப் பிடிக்கவுமில்லை. முதுகுக்குப் பின்னால் கிளாஸை வைத்துக்கொண்டு, "மச்சான்" என்று மட்டும் சொன்னார். கை தானாக இறங்கியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மேனேஜர். மணி ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. அந்த மனிதர் எதிலும் முந்திரிக்கொட்டை.

"படம் வந்துச்சு. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே! ருசி எப்படி?"

மாப்பிள்ளை தன் வலது கைப் பக்கம் வைத்த நிஜக் கிளாஸ் மேஜையிலேயே இருந்தது. ஐஸ் உருகி, நீலமும் மஞ்சளும் கலக்க ஆரம்பித்திருந்தன. அதை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தங்கை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கண்ணில் நம்பிக்கை இல்லை, ஆனால் கெஞ்சலும் இல்லை. இவரை எடுத்தால் தினமும் என் பக்கத்தில் நிற்பார். நான் கிளாஸை வாயில் வைக்கும்போதெல்லாம் இவர் கண் என் முகத்தில் இருக்கும்.

"சரிப்பட்டு வரமாட்டாரு சார்," என்றேன். "பாக்க அழகு. வாயில வக்க முடியாது."

போனை வைத்தேன். மாப்பிள்ளை தகரப் பெட்டியை எடுத்து, இடுக்கி, ஊசி, டூத் பிரஷ் ஒவ்வொன்றையும் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தார். பெட்டியை மூடிவிட்டுத்தான் பேசினார்.

"நீங்க பயப்படாதீங்க மச்சான். உங்க விஷயம் எங்க வாயிலேருந்து வெளிய போகாது."

அவர் திட்டியிருக்கலாம். என் சட்டையைப் பிடித்திருக்கலாம். மேனேஜருக்கே போன் போட்டு, "உங்க தலைமை பார்மேன் சோப்புத் தண்ணிக்கு அஞ்சு மார்க் போட்டாரு" என்று சொல்லியிருக்கலாம், ஒரே நாளில் என் கதை முடிந்திருக்கும். பயப்படாதீங்க என்கிறார்! நான் வாயில் வைக்க முடியாது என்று சொன்ன வாயை இன்னும் மூடக்கூட இல்லை, அதற்குள் எனக்கு அபயம் கொடுக்கிறார்! பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தங்கை வாசல்வரை வந்தாள்.

"இனிமே இந்தப் படி ஏறாதண்ணே," என்றாள். கதவை அறையவில்லை, சாதாரணமாகத்தான் சாத்தினாள்.

வழியெல்லாம் வயிற்றைப் புரட்டியது. பஸ்ஸை இரண்டு தரம் நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மூக்கு திரும்பவில்லை. கவுண்ட்டரில் பழம் வெட்டுகிற அம்மாளிடம், "ஒரு வாய் பாத்துச் சொல்லுங்கம்மா, எனக்குச் சளி" என்று தினமும் ஒரு சளியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மாளும் நம்புகிற மாதிரி நடிக்கிறார். மேனேஜர் கூப்பிடும்போதெல்லாம், தெரிந்துவிட்டது, இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டுதான் போகிறேன். ஒன்றும் நடப்பதில்லை. மாப்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். என் சம்பளமும், என் நாற்காலியும், நான் கட்டியிருக்கிற கழுத்துப் பட்டையும் அவர் வாயைத் திறக்காததால் இருக்கின்றன. இதற்காக அவரைக் கரித்துக்கொட்டாத நாளில்லை.

போன வாரம் தங்கை ஊர்ப் பக்கம் ஒரு வேலை இருந்தது. பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம். எட்டிப் பார்த்தேன். உயரமான கிளாஸ்களில் சிவப்பு, மஞ்சள், நீலம். ரம் இல்லை, பழச்சாறும் சிரப்பும் சோடாவும்தான். கரண்டியின் முதுகில் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை. விரல் நுனிகளில் மறுபடி சாயம். ஒவ்வொரு கிளாஸையும் கொடுப்பதற்கு முன்னால் சிறு கரண்டியால் ஒரு துளி தன் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். கொடுத்த பிறகு, வாங்கியவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"அருமை," என்றார் ஒரு டிரைவர். "புளிப்பு கொஞ்சம் போடலாமே," என்றாள் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண். உடனே அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு மறுபடி, "இப்ப எப்படி இருக்கு?" என்றார். வாயில் வைக்க முடியாது என்று நான் சொன்ன ஆள், எதிரே நின்றவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். கால் போகவில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை.

"வாங்க மச்சான்," என்றார்.

புதுக் கிளாஸை எடுத்துத் துடைத்தார். ஐஸ், மஞ்சள், சிவப்பு, நீலம். அவசரப்படவில்லை. பச்சைக் கோடு நேராக விழுந்தது. உள்ளங்கையில் ஒரு துளி விட்டு ருசி பார்த்துவிட்டு, தன் வலது கைப் பக்கத்திலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். காசை வாங்கிக்கொள்ளவில்லை.

குடித்தேன். ஜில்லென்று இருந்தது. சோடா நாக்கில் பொரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கிளாஸைக் காலி செய்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். சும்மா நாலு வார்த்தை சொல்லலாம், இனிப்பு தூக்கல், அன்னாசி பச்சை என்று ஏதாவது அளந்துவிடலாம் என்று நாக்கைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் காலிக் கிளாஸை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தார். எனக்குப் பின்னால் நின்றவருக்கு அடுத்ததைக் கலந்து கொடுத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.